இறக்கைக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் இருதயம் ஆளுக்குத் தைக்கமாட்டார். ஜீப்புக்குத்தான் தைப்பார். கம்பத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவர் கடை. அங்கே நிற்கும் ஜீப்புகளில் பாதிக்குமேல் அவர் தைத்த கூரைதான். மேட்டில் எப்பேர்ப்பட்ட சாரல் அடித்தாலும் அவர் தையலுக்குள் ஒரு சொட்டு இறங்காது. அது உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தாலி கட்டிக் கூட்டிவந்தவளுக்கு அந்த மனுஷர் இன்றுவரை ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தது கிடையாது.

“ஆளுன்னா மூச்சு விடும், பெருக்கும், இளைக்கும். ஜீப்பு அப்படியா? வச்ச அளவு வச்சபடி நிக்கும்” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு என்ன சிரிப்பு? தையல்காரர் பெண்டாட்டி உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறிப்போய் இன்னொரு தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு வருகிறாள். எங்கள் ராயப்பன்பட்டியில் கோயில் முடிந்து வெளியே வரும் பெண்கள் இதைப் பேசாத ஞாயிற்றுக்கிழமை உண்டா என்ன?

பேச்சும் அப்படித்தான். சின்னமனூரில் லாரிப் படுதா தைப்பவரிடம் வேலை பழகிய நாளிலிருந்து வாயில் நூலைக் கவ்விக்கொண்டே இருந்து பழகிவிட்டார். நூலை எடுத்தாலும் பேச்சு வராது. கல்யாணமான புதிதில், கூடமாட இருப்போமே என்று கடைக்குப் போய்க் கான்வாஸைப் பிடித்துக் கொடுத்தேன். “அங்கன இழு. இங்கன விடு. ஏய், எங்கிட்டுப் பாக்குற? கைய எடு.” அரை நாளில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒத்தாசைக்கு ஆளே வேண்டாம் என்கிற ஜாதி இது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதை நம்பியே வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியிருக்கிறேன் பாருங்கள், அதுதான் பிற்பாடு என்னை அப்படி எரித்தது.

இரண்டாயிரத்து இரண்டில், ஈஸ்டர் முடிந்த கையோடு வீட்டில் இஸ்திரிப் பெட்டி காணாமல் போனது. எங்கள் அண்ணன் என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி அது.

“என்னங்க, இஸ்திரிப் பெட்டியக் காணோம்?”

“கடைக்குக் கொண்டு போயிருக்கேன். ரெக்சினுக்கு வேணும்.”

“ரெக்சினுக்கு எந்தக் காலத்துல இஸ்திரி போட்டீக?”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூசைக்குப் போகும்போதுகூடக் கசங்கின சட்டையோடு போகிற மனுஷருக்கு இஸ்திரிப் பெட்டி எதற்கு? சரி, போகட்டும் என்று விட்டேன். அடுத்ததாக வாசம் வந்தது. அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் நகப்பாலிஷ் வாசம். ஒருநாள் இல்லை, தினமும். சட்டையில், வேட்டியில், தலைமுடியில். பாட்டிலையே மேலே கவிழ்த்துக்கொண்ட மாதிரி வாசம். ஜீப் கூரைக்கு எவன் நகப்பாலிஷ் போடுகிறான்?

ஜீப் டிரைவர் பால்பாண்டியை வழிமறித்துக் கேட்டேன். அவன் என் வீட்டுக்காரரிடம் கூரை தைத்துக்கொள்பவன், என்னை மதினி என்று கூப்பிடுவான். முதலில் மென்று முழுங்கினான்.

“மதினி, அண்ணே கடைய அடைச்சு ரொம்ப நாளாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா? லோயர் கேம்ப் போற வழியில குரியாச்சன் முதலாளி ஷெட்டு இருக்குல்ல, அங்கன வேலை பாக்குறாக. என்ன வேலைன்னு யாருக்கும் சொல்லக் கூடாதாம்.”

“தனியாவா?”

தலையைச் சொறிந்தான். “முதலாளியோட ஏலக்கா ஸ்டோர்ல மூட்டை தைக்கும்ல, ஜக்கம்மா, அதுவும் அங்கனதான் போகுது.”

எனக்கு உள்ளங்காலில் பற்றி உச்சியில் ஏறியது.

ஜக்கம்மாவை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. கூடலூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் கோணியூசியை வைத்துக்கொண்டு மூட்டைவாய் தைத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். என் வயதுதான் இருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம். சின்னப் பெண்ணாக இருந்தால் மனுஷருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அழகியாக இருந்தால் கண் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். இவள் என்னைவிடக் கறுப்பு, என்னைவிட ஒல்லி, பல்லும் கொஞ்சம் எடுப்பு. அப்படி என்னத்தைக் கண்டார்?

“வண்டிய எடு” என்றேன் பால்பாண்டியிடம்.

ஷெட் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பொட்டல் காட்டில் இருந்தது. தகரக் கூரை, தகரச் சுவர். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போனேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. தகரத்தில் காதை வைத்தேன். டக் என்று ஒரு தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக் டக் என்று இரண்டு தட்டு. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, டக் டக் டக் என்று மூன்று தட்டு கேட்டது. ஒரு பொம்பளை சிரித்தாள். வளையல் சத்தம் எழுந்து நடந்து போனது.

அடப்பாவி மனுஷா, என்னிடம் வாயால்கூடப் பேசாத ஆள், இன்னொருத்தியிடம் விரலால் பேசுகிறாரா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பெரிய வெள்ளை இறக்கை, சுவர் மாதிரி செங்குத்தாக நிறுத்தியிருந்தது. மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கை. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் முழநீள ஊசி. அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஜக்கம்மாவின் நிழல் துணியில் விழுந்தது. டீ கிளாஸோடு அவள் நிழல் திரும்பி வந்து உட்கார்ந்தது. இறக்கைக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு சின்ன ஏரோப்ளேன், இறக்கையைப் பிடுங்கிய கோழி கணக்காக நின்றது.

சுற்றிப் போய் நான் முதலில் பார்த்தது அவள் நகத்தை. ஒட்ட வெட்டிய வெறும் நகம்.

“ஆரு? இருதயத்தோட வீட்டுக்காரியோ? வா மோளே” என்றார் குரியாச்சன் முதலாளி. குமுளிப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த மலையாளத்துக்காரர், நல்ல வெள்ளைத் தலை. வாலிபத்தில் பிளேன் ஓட்டப் படித்தவராம். மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து அந்தப் பழைய பிளேனை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பர்மிஷனெல்லாம் வாங்கி வைத்திருந்தார். சும்மா கிடந்த வருஷங்களில் எலி இறக்கைத் துணியைக் கடித்துக் குதறிவிட்டது. பழைய துணியை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு போர்த்த ஆள் தேடியபோதுதான் ஜீப் கூரையைப் பார்த்து என் வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறார். கூட்டம் கூடிவிடும் என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அது இவராகச் சேர்த்துக்கொண்டது.

என் கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி எதற்கென்றால், அந்தத் துணி சூடு பட்டால் சுருங்கிச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். வாசம் எதிலிருந்தென்றால், துணி விறைக்க மேலே பூசுகிற பூச்சிலிருந்து. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து எல்லாம் சொல்லிக்கொடுத்து, வாரத்துக்கு இரண்டு தடவை வந்து சரிபார்த்துப் போகிறார். இறக்கைக்குள்ளே குறுக்கே ஓடும் மெல்லிய சட்டத்துக்கு விலா என்று பேர். ஒவ்வொரு விலாவோடும் இரண்டு பக்கத்துத் துணியையும் சேர்த்துக் கட்டித் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் பிய்ந்துவிடும். இந்தப் பக்கம் ஒருவர் ஊசியை விட, அந்தப் பக்கம் ஒருவர் வாங்கித் திருப்பி விட வேண்டும். தனியாளால் ஆகாது.

“தைக்கிற ஆளை முதல் ஓட்டத்துல என் பின்னால உட்கார வைப்பேன். அது பழைய பிளேன்காரங்க வழக்கம். அப்பத்தான் தையல் தன்னால நேராகும்” என்று சொல்லிச் சிரித்தார் முதலாளி.

கேள்வி தீர்ந்ததே தவிர, வயிற்றெரிச்சல் தீரவில்லை. கூடிப்போனது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் துணி. இவர் விட்ட ஊசி அந்தப் பக்கம் போகும், அவள் வாங்குவாள், விலாவைத் தாண்டித் திருப்பி விடுவாள், ஊசி முனை இவர் விரல் இருக்கிற இடத்துக்கே வந்து நிற்கும். இவர் சத்தம் போடவில்லை. அங்கன இழு, இங்கன விடு ஒன்றும் கிடையாது. அந்த முரட்டுக் கை துணியைத் தடவிப் பார்த்த பதனத்தைச் சொல்லவா? காய்ச்சலில் கிடந்தபோதுகூட என் நெற்றியில் அந்தக் கை அப்படி வைத்தது கிடையாது. அவள் கள்ளியாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். இதை எதைப் பிடித்து இழுப்பது?

அன்றைக்கு மெக்கானிக் வருகிற நாள். வந்தவர் முடிந்துபோன இன்னொரு இறக்கையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார். இறக்கையின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்களாம். உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடிவதற்கு. அத்தனை ஓட்டையையும் யாரோ ஒட்டுப்போட்டு அடைத்திருந்தார்கள்.

“தண்ணி உள்ளேயே நின்னா சட்டம் உளுத்துரும். யாரு இதை அடைச்சது?”

யார் அடைத்திருப்பார்? மழை ஒழுகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கத் தைத்தவர் ஓட்டையைக் கண்டால் சும்மா இருப்பாரா? மூலை உருட்டி, ஓரம் மடித்து ஒட்டிய அந்த ஒட்டுத்துணி யார் கை என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் முகம் சிறுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நாந்தேன் சார் அடைச்சேன். மூட்டையில பொத்தல் இருந்தா அடைச்சே பழக்கம்.”

மெக்கானிக் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். இவரும் வாங்கவிட்டார்! புருஷனுக்காகப் பேச்சு வாங்குகிற பாத்தியதை இந்த வீட்டில் எனக்குத்தானே? அதையும் எடுத்துக்கொண்டாளே இந்தச் சிறுக்கி!

நேரே முதலாளியிடம் போனேன். “மிச்சம் இருக்குறத நான் தைக்கிறேன். அந்தப் பக்கம் நான் உக்கார்றேன்.”

“ஏ மேரி, வீட்டுக்குப் போ” என்றார் என் வீட்டுக்காரர்.

“போறேன். தச்சுட்டுப் போறேன்.”

முதலாளிக்கு வேடிக்கை. “ஒரு விலா தைக்கட்டும்டோ” என்றார். ஜக்கம்மா எழுந்து இடம் விட்டாள். “வாங்க மதினி” என்றாள். இவரை அண்ணே என்பாள், என்னை மதினி என்பாள். அண்ணன் என்று வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா?

உட்கார்ந்தேன். ஊசி வந்தது. பிடித்துத் திருப்பி விட்டேன். “ஆ” என்றார் அவர். துணியில் சொட்டாக ரத்தம் ஊறியது தெரிந்தது. அடுத்தது சட்டத்தில் முட்டியது. அதற்கடுத்தது கோணல். நான் விட்டது அவருக்குக் கிடைக்கவில்லை, அவர் விட்டது எனக்குக் கிடைக்கவில்லை. “எங்கிட்டு விடுற?” “நீங்க எங்கிட்டு வச்சிருக்கீக?” இப்படி ஒரு விலா முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே தைத்து முடித்தோம். மெக்கானிக் வந்து ஒரு பார்வை பார்த்தார். பிளேடை எடுத்து வரிசை முழுவதையும் அறுத்துப் போட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையையே நாலு பேர் நடுவில் அறுத்துப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

எழுந்து வெளியே வந்து தகரச் சுவரோரம் நின்று அழுதேன். ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை. ஜக்கம்மா பின்னாலேயே வந்தாள்.

“மதினி, கண்ணால தேடுனா கிடைக்காது. அண்ணே தையல் வர வேண்டிய இடத்துல ஒரு தட்டுத் தட்டுவாக. துணி மேளம் கணக்கா விறைச்சிருக்குல்ல, ஒங்க விரலுக்குத் தெரியும். அங்கன ஊசிய விடுங்க. ரெண்டு தட்டுனா நூலை இழுக்கச் சொல்றாகன்னு அர்த்தம். அம்புட்டுதேன்.”

“எங்கிட்ட ஏன் தட்டல?”

“தட்டுனாக மதினி. நீங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தீக.”

அவளிடம் பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். விட்டுவிட்டுப் போக நான் என்ன பைத்தியமா?

வாயை மூடிக்கொண்டேன். துணியில் உள்ளங்கையை வைத்தேன். டக். என் சுண்டுவிரலுக்குக் கீழே தட்டினார். அங்கே ஊசியை விட்டேன். அந்தப் பக்கம் ஊசியை வாங்குகிற இழுப்பு தெரிந்தது. டக் டக். நூலை இழுத்தேன். டக். விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. கதவு வழியாக வந்த சாயங்கால வெளிச்சத்தில் அவர் நிழல் துணிக்கு அந்தப் பக்கம் பெரிதாகக் குனிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் வைத்த இடத்தில் அவரும், அவர் வைத்த இடத்தில் நானும் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். இறக்கையின் ஓரத்து விலாவை நாங்கள் தைத்து முடித்தோம். மெக்கானிக் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “இது பரவாயில்ல” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் டக் டக் டக் என்று மூன்று தட்டு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசியை விடுவதா, இழுப்பதா? முழித்துக்கொண்டிருக்கும்போதே ஜக்கம்மா கிளாஸோடு வந்து நின்றாள்.

“டீ கேக்குறாக மதினி” என்றாள் சாதாரணமாக.

அவர் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் இருப்பது யாரென்பதையே மறந்துவிட்டார். கிளாஸை வாங்கிக் குடித்தும் விட்டார். அன்று ராயப்பன்பட்டி போய்ச் சேரும்வரை ஜீப்பில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை.

பிறகு நான் அங்கே போகாமல் இருக்கவில்லை. தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். மிச்சத் தையலெல்லாம் ஜக்கம்மாதான் தைத்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, தையல் மேல் ஒட்டுகிற நாடாத்துணி ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிக் கொடுத்தேன். கண் மட்டும் இறக்கை மேலேயே இருந்தது. மூன்றாவது தட்டு கேட்கும் முன்பே டீயை ஊற்றிவிட வேண்டும் என்று பார்ப்பேன். ஒரு தடவையாவது முந்த முடிந்ததா? அவள் எப்படியோ முன்னாலேயே எழுந்துவிடுவாள்.

ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன்னால் இறக்கைகளை மாட்டி, வெள்ளிச் சாயம் பூசி, பிளேனை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பொட்டலை வெட்டிச் சமன்படுத்தி நீளமாகப் பாதை போட்டிருந்தார் முதலாளி. காலை வெயில் ஏறவில்லை. மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். முதலாளி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “தைச்ச ஆள் வரட்டும்” என்று கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் குமுளி பஸ்ஸில் இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினாலே பிளாஸ்டிக் பை கேட்கிற ஆள். அவர் எங்கே ஏறுவார்?

“ஜக்கம்மா ஏறட்டும் மொதலாளி. அதுதேன் நெறையத் தச்சது” என்றார்.

கேட்டீர்களா? என்னை ஊரறிய ‘இவ’ என்பார். அவள் மட்டும் மரியாதையாக ‘அது’வாம். எனக்கு ஒரு பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுக்காத மனுஷர், அவளுக்கு வானத்தில் சீட் பிடித்துக் கொடுக்கிறார். அவளும் முகமெல்லாம் பல்லாக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் போய்க் குறுக்கே நின்றேன்.

“நானும் தச்சிருக்கேன். ஓரத்து விலா என்னோடது. மெக்கானிக் சாரைக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜக்கம்மா ஒரு நிமிஷம் இறக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இடுப்பில் செருகிய முந்தானையைத் திரும்ப எடுத்துவிட்டாள். “மதினியே ஏறட்டும்” என்றாள். விட்டுக்கொடுக்கிறாளாம்! எனக்கு வேண்டியதை அவள் கையிலிருந்து வாங்க வேண்டியதாகிவிட்டதே என்று இன்னும் கொதித்தது.

“மேரி, வேணாம்” என்று என் கையைப் பிடித்தார் இவர். நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“அவ ஏறுனா ஆகும், நான் ஏறுனா ஆகாதா?”

கையை உதறிவிட்டு ஏறிவிட்டேன். மெக்கானிக் என் மேல் பெல்ட்டை இறுக்கினார்.

வண்டி பொட்டலில் ஆட்டி எடுத்தது. அப்புறம் ஆட்டம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தால் தரை இல்லை. கண்ணை இறுக மூடி, ஏசுவே, மரியே, சூசையே என்று அத்தனை பேரையும் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடந்தது. திராட்சைப் பந்தலெல்லாம் பச்சைப் பாய் விரித்த மாதிரி, மலையிலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்கும் பெரிய குழாய்கள், வாய்க்கால், தூரத்தில் எங்கள் கோயில் கோபுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிய ஒரு வெள்ளைப் புள்ளி. இறக்கையைப் பார்த்தேன். ஓரத்து விலா விறைப்பாக நின்றது. என் தையல், அவர் தையல். அடியே ஜெயமேரி, இதற்குமேல் உனக்கு என்னடி வேண்டும் என்று நினைத்தேன்.

முதலாளி பிளேனைத் திருப்பினார். ஷெட் தெரிந்தது. பொட்டலில் மெக்கானிக் தனியாக ஒரு பக்கம் நின்றார். ஷெட் நிழலில் இரண்டு பேர் நின்றார்கள். அவரும் அவளும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் நின்று காவல் காத்தவள் வானத்தில் கிடக்கிறேன். இனி அங்கே அவர்களுக்கு நடுவில் துணிகூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு உருவமும் நெருங்கியது. அவள் கை அவர் தோளில் போனது. அப்புறம் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

“எறக்குங்க மொதலாளி! எறக்குங்க!” என்று கத்தினேன்.

“பேடிக்க வேண்டா மோளே, பேடிக்க வேண்டா!” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார் அவர். எஞ்சின் சத்தத்தில் என் பயம் எதைப் பற்றியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தைரியம் வரட்டும் என்று சுருளிப்பட்டி வரைக்கும் இன்னொரு சுற்று சுற்றினார். அந்தச் சுற்று முழுக்க நான் மலையையும் பார்க்கவில்லை, வாய்க்காலையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஷெட்டையே தேடினேன்.

தரை தட்டி வண்டி நின்றதும் பெல்ட்டை நானே பிய்த்துக்கொண்டு இறங்கினேன். கால் தள்ளாடியது. ஆத்திரம் தள்ளாடவில்லை. ஷெட்டைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் செத்த மாதிரி வெளுத்திருந்தது. ஜக்கம்மா அவர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“வந்துட்டீகளா மதினி? தெய்வமே! நீங்க மேல ஏறுனதுதேன் தாமசம், அண்ணே மடமடன்னு சரிஞ்சுட்டாக. ‘ஓரத்து விலாவுல ஏதும் தப்பு விட்டுட்டமோ, ஓரத்து விலாவுல ஏதும் தப்பு விட்டுட்டமோ’ன்னு இதே பேச்சு. நாந்தேன் தாங்கிப் புடிச்சேன்.”

அவளை ஏற்றியிருந்தால் இப்படிச் சரிந்திருப்பாரா? என் நெஞ்சு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. மறு நிமிஷமே, தாங்கிப் பிடிப்பானேன், அங்கே கிடந்த கல்லில் உட்கார வைத்திருக்கலாமே என்றும் தோன்றியது. முன்னால் உட்கார்ந்த என்னை அவர் ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த, மிச்சத் துணி போர்த்திய சட்டத்தின் மேல் கை போனது.

டக். டக். டக்.

நானும் ஜக்கம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

“நீ இரு” என்றேன் அவளிடம்.

அவள் இருந்துவிட்டாள். நான் உள்ளே போய் பிளாஸ்கைத் திறந்து, அவசரத்தில் பாதி டீயைத் தரையில் கொட்டி, மிச்சத்தைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தேன். குடித்தார்.

பிளேனைச் சில வருஷத்தில் முதலாளி விற்றுவிட்டார். ஷெட்டில் இப்போது தென்னமட்டை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஜக்கம்மா இன்னமும் ஸ்டோரில் மூட்டை தைக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் மதினி என்று ஓடிவருவாள், நானும் சிரித்து வைப்பேன். இவர் வீட்டில் மேசையிலோ கதவிலோ மூன்று தட்டுத் தட்டினால் டீ கொண்டுபோய் வைக்கிறேன். அன்றைக்குத் தட்டியது எனக்கா, அவளுக்கா என்று இதுவரை நான் கேட்டதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தது நான்.